எந்தத் தெரு?

இராசபாளையத்தினின்றும் திருவில்லிபுத்தூரினின்றும் கல்லூரிக்கு வரும் எம்மனோர் நன்கறிந்த வினா ஒன்றுண்டு: “ஊரில் எந்தத் தெரு?” ஊரைக் கேட்பது நட்பு, ஊரறிந்தபின் தெருவைக் கேட்பதோ சாதியை அளக்கும் கோல். எம் விடுதித் தோழர் ஒருவர் இதற்கு விடை பகர்ந்த மறுநாள், உணவுக்கூடத்தில் அவருக்கு இருமருங்கும் ஒருவரும் அமர்ந்திலர். வைதார் இல்லை, அடித்தார் இல்லை, ஆயினும் அவர் உண்ணாது எழுந்தார். அன்றிரவு முதல் யாம் அவருடன் அமர்ந்து உண்டோம்.

இதனைச் சிறிதென்பார் உளர். வ. வே. சு. ஐயர் 1922இல் நிறுவிய சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளித்தமை தமிழகத்தையே கலக்கிற்று. வரதராசுலு நாயுடுவும் ஈ. வெ. இராமசாமியும் அதனை எதிர்த்தனர். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் உடன்பயின்றோராலேயே தம் இல்லத்தில் வெட்டுண்டார். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதி காட்டும் வண்ணக்கயிறுகளை மாணவர் கட்டுதல் கூடாதென 2024இல் பரிந்துரைத்தது. பந்தியில் விலகலும் அரிவாள் வீச்சும் ஒரே வேரில் முளைத்தவை.

ஆதலின், நண்பர்காள்! இத்தகையது காணின், முதற்கண் வருந்தினார் அருகே செல்க. நிகழ்ந்த நாளையும் சொல்லையும் கண்டாரையும் பிழையின்றி எழுதிவைக்க. அவர் இசைவுடன் ஆசிரியரிடம் உரைக்க. “விளையாட்டுக்குச் சொன்னான்” என்று மழுப்பற்க. கல்லூரிதோறும் பாகுபாடு தடுக்கும் அலுவலர் ஒருவர் வேண்டுமெனப் பல்கலைக்கழக மானியக்குழு 2012இல் விதி வகுத்தது. விதி முறையீட்டைக் கேட்கும்; முறையிடும் துணிவைத் தருவது உடன்பயில்வோர் துணையே.