கணிப்புக்கோல் கற்பித்த பாடம்

1950இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் 1964இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. அதன் பின்னர் அங்கு புகுந்த யான், எம் கல்லூரியில் மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பழகியவன். முதலாண்டிலேயே 'சிலைட் றூல்' எனும் கணிப்புக்கோல் கைக்கு வந்தது. இரு மடக்கை அளவுகளை நகர்த்தி நீளங்களைக் கூட்டினாற் பெருக்கம் கிடைத்துவிடும்; விந்தையே! ஆயினும் 2.4, 24, 240 மூன்றுக்கும் அதில் ஒரே கோடு. தசமப் புள்ளியை இடவேண்டியவன் மாணவனே. ஆதலின், ஒரு வளை தாங்கும் பாரத்தைக் கணிக்குமுன் விடை ஏறக்குறைய எவ்வளவாகும் என மனத்தால் மதிப்பிடப் பழகினோம்.

1972இல் மடக்கையும் கணிக்கும் கைக்கருவியாகிய எச்.பி.-35 வெளிவந்தது. இன்று கணினி 15 இலக்கங்களைத் தருகிறது. தம்பிமாரே, புள்ளி இடம் மாறினால் அத்தனை இலக்கங்களும் பாலத்தைத் தாங்கா. மதிப்பிடும் வழக்கத்தைக் கைவிடாதீர்.