வழியும் உரிமையும்

மனிதன் நடந்தான், வழி உண்டாயிற்று. வழி உண்டானபின் அதனருகே ஊரும் சந்தையும் கோயிலும் எழுந்தன. மன்னர் அமைத்த பெருஞ்சாலைகளின் வரலாறு ஏடுகளில் உண்டு. மேய்ப்பனும் உழவனும் வணிகனும் நடந்து நடந்தே ஆக்கிய சிறு வழிகளுக்கோ அவர்தம் காலடிச் சுவடே சான்று. அத்தகைய பழைய வழிகள் பல இன்றும் அழியாமல் விளங்கும் நாடு இங்கிலாந்து. அந்நாட்டின் தென்பகுதியில், அலைபோல் எழுந்தும் தாழ்ந்தும் செல்லும் குன்றுகளின்மேல், அவ்வழிகளைத் தேடி மிதிவண்டியில் செல்வோர் பலர்.

அவர்கள் ஏறிச் செல்லும் வண்டி தனி வகையைச் சேர்ந்தது. தார்ச்சாலையில் விரைந்தோடும் பந்தய வண்டியின் டயர் மிக ஒடுங்கியது. கற்களின்மேல் அது நிலைகொள்ளாது. மலைச்சரிவுக்கென அமைந்த வண்டியோ கனமானது. நெடும்பயணத்தில் ஓட்டுபவரைச் சோர்வடையச் செய்யும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது சரளை வண்டி. அதன் கைப்பிடி பந்தய வண்டியின் கைப்பிடிபோல் வளைந்திருக்கும். டயர் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகன்றிருக்கும். காற்றைச் சற்றுக் குறைத்து அடைத்தால், அந்த டயர் கல்லின் முனைக்கு இணங்கி வளைந்து கொடுத்து உருளும்.

சரளை வண்டி என்னும் பெயர் அமெரிக்காவில் பரவிய பெயர். அங்கே பண்ணைகளின் ஊடே சரளைச் சாலைகள் பல மைல் தொலைவு நேராகச் செல்கின்றன. இங்கிலாந்தில் அத்தகைய நெடுஞ்சாலைகள் அரியன. அங்கு இருப்பவை துண்டு துண்டான வழிகள்: ஓரிடத்தில் வயல்வரப்பை ஒட்டிய மண்பாதை, ஓரிடத்தில் காட்டினுள் செல்லும் குதிரைவழி, ஓரிடத்தில் உயிர்வேலிகளுக்கு இடையே நுழையும் குறுகிய சாலை. நிலப்படத்தை விரித்து, இத்துண்டுகளை ஒன்றோடொன்று தைத்து முழுவழி ஆக்குவதே அங்குள்ள மிதிவண்டிப் பயணியின் முதல் வேலை. பெயர் புதிதாயினும் பழக்கம் பழையது. 1955ஆம் ஆண்டிலேயே லெம்ஸ்டர் என்னும் ஊரில் மிதிவண்டிக்காரர் சிலர் கூடினர். கரடுமுரடான வழிகளில் செல்வதற்கென்றே ‘ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்’ என்னும் கழகத்தை நிறுவினர்.

இவ்வாறு தைக்கப்பட்ட வழிகளுள் புகழ் பெற்றது ‘ஆல்பிரெட் மன்னன் வழி’. இதன் நீளம் சுமார் 350 கிலோமீட்டர். ‘சைக்கிளிங் யூகே’ என்னும் மிதிவண்டிக்காரர் சங்கம் இதனை 2020ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்பிரெட் மன்னனின் சிலை நிற்கும் வின்செஸ்டர் நகரில் இவ்வழி தொடங்குகிறது. சால்ஸ்பரியைக் கடந்து, பெருங்கற்கள் வட்டமாய் நிற்கும் ஸ்டோன்ஹெஞ்சின் அருகே சென்று, ஏவ்பரியை அடைகிறது. அங்கிருந்து குன்றின் முகட்டில் ஏறித் தேம்ஸ் ஆற்றங்கரைக்கு இறங்குகிறது. பின்னர் ரெடிங், பார்னம் ஆகிய நகரங்களின் வழியே தெற்கே திரும்பி, சவுத் டவுன்ஸ் குன்றுகளின்மேல் ஏறி, மீண்டும் வின்செஸ்டரை வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் ‘டவுன்’ என்பது கீழே என்று பொருள்படும் சொல் ஆயிற்றே, குன்றுக்கு அப்பெயர் ஏன் என்று மாணவர் வியக்கலாம். குன்றைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

ஏவ்பரிக்கும் தேம்ஸ் ஆற்றுக்கும் இடையே உள்ள முகட்டு வழிக்கு ‘ரிட்ஜ்வே’ என்பது பெயர். பண்டை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடந்த வழி அது. பள்ளத்தாக்கு இருக்க, அவர்கள் மேட்டின்மேல் நடந்தது ஏன்? காரணம் காலின்கீழ் உள்ளது. இக்குன்றுகள் சீமைச் சுண்ணாம்பு என்னும் மென்மையான வெண்பாறையால் ஆனவை. 7 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அந்நிலம் கடலடியில் இருந்தது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களின் ஓடுகள் அங்கே படிந்து படிந்து பாறையாயின. அப்பாறை மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும். பள்ளத்தாக்குகள் சேறும் காடுமாய்க் கிடந்தபோது, முகட்டு நிலம் விரைவில் உலர்ந்தது. ஆதலால் அறிவுடைய மக்கள் மேட்டு வழியைத் தேர்ந்தனர். எனினும் மிதிவண்டிப் பயணி இங்கு விழிப்போடு செல்லுதல் வேண்டும். மழை பெய்தவுடன் வெண்பாறையின் மேற்பரப்பு சவர்க்காரம்போல் வழுக்கும். அதில் புதைந்துள்ள சிக்கிமுக்கிக் கற்கள் கத்திபோல் டயரைக் கிழிக்கும்.

இம்முகட்டு வழியில் அஃபிங்டன் என்னும் சிற்றூரின் அருகே, குன்றின் சரிவில் வெண்ணிறக் குதிரை உருவம் ஒன்று காணப்படும். அதன் நீளம் சுமார் 110 மீட்டர். வயது ஏறத்தாழ 3,000 ஆண்டுகள். புல்லையும் மண்ணையும் அகழ்ந்து, பள்ளத்தில் வெண்பாறைத் தூளை இட்டு நிரப்பி அதனை வரைந்தனர். சில ஆண்டுகள் கவனியாது விட்டாலும் புல் படர்ந்து அதனை மூடத் தொடங்கும். தலைமுறைதோறும் மக்கள் குன்றேறிச் சென்று, களையைப் பறித்து, புதிய சுண்ணத்தைச் சம்மட்டியால் இடித்துப் பதித்தமையாலேயே அக்குதிரை இன்றும் வாழ்கிறது. வழிகளின் வாழ்வும் இத்தகையதே.

இங்கிலாந்தின் வயல்களும் காடுகளும் பெரும்பாலும் தனியாருக்கு உரியவை. ஆயினும் அவற்றின் ஊடே செல்லும் பொதுவழியில் நடக்க எவரும் நிலக்கிழாரிடம் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. வழி எத்தகையது என்பதை அம்புக்குறியின் நிறம் காட்டும். மஞ்சள் அம்பு நடப்போர்க்கு மட்டும் உரியது. நீல அம்பு குதிரைவழியைக் குறிக்கும். 1968ஆம் ஆண்டுச் சட்டம் மிதிவண்டிக்காரரும் குதிரைவழியில் செல்லலாம் என்னும் உரிமையை அளித்தது. அவ்வுரிமையோடு ஒரு கடமையையும் அது விதித்தது: நடப்போர்க்கும் குதிரையில் வருவோர்க்கும் மிதிவண்டிக்காரர் வழிவிடுதல் வேண்டும். வழியைச் செப்பனிட்டுத் தருமாறு கேட்கும் உரிமையை அச்சட்டம் மிதிவண்டிக்காரருக்கு அளிக்கவில்லை. பொதுவழிகள் அனைத்தினும் மிதிவண்டி செல்லத்தக்கவை ஐந்தில் ஒரு பங்கு அளவே.

ஆகவே, நல்ல பயணி குதிரையைக் கண்டால் வேகத்தைக் குறைப்பான். அஃது அஞ்சாதிருக்கக் குரல் கொடுத்து, மெல்லக் கடப்பான். மேய்ச்சல் நிலத்தின் கதவைத் திறந்து சென்றால், ஆடுகள் வெளியேறாவண்ணம் மீண்டும் சாத்துவான்.

ஏட்டில் ஏறாத உரிமை காலத்தால் நழுவிப் போகவும் கூடும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுவழிகளைக் காட்டும் சான்றுப் படங்கள் வரையப்பட்டன. அப்படங்களில் இடம்பெறாது விடுபட்ட பழைய வழிகள் பல. 2026ஆம் ஆண்டு பிறப்பதற்குள் பதிவு செய்யப்படாத பழவழிகளின் உரிமை அற்றுப்போகும் என 2000ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் தொண்டர் பலர் முன்வந்தனர். நிலவரிப் படங்களையும் பழைய ஆவணங்களையும் புரட்டி, மறைந்த வழிகளுக்குச் சான்று தேடினர். 2023ஆம் ஆண்டில் அக்காலவரை 2031 வரை நீட்டிக்கப்பட்டது. அதனை அறவே நீக்கப்போவதாக 2024ஆம் ஆண்டின் இறுதியில் அரசு அறிவித்தது.

நடப்பார் இல்லாத வழியைப் புல் மூடும். காப்பார் இல்லாத உரிமையை மறதி மூடும். தனக்கு முன் சென்றவர் நடந்து காத்த வழியிலேதான் இன்றைய பயணியின் சக்கரம் உருளுகிறது. பின்னே வருபவனுக்கும் அவ்வழி திறந்திருக்குமாறு நடந்துகொள்வதே அவன் முன்னோர்க்குச் செலுத்தும் நன்றியாகும்.