பட்டு எடுத்தபின் மிஞ்சும் எண்ணெய்

தருமபுரியை அடுத்த அந்தப் பட்டு நூற்புக் கொட்டகையில் பொழுது விடியும்போதே கொப்பரையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. அங்காடியில் ஏலம் எடுத்துவந்த வெண்கூடுகளை அதில் கொட்டி வேகவைக்கிறார் ஒரு பெண். கூட்டின் பசை இளகியதும், தொட்டிகளுக்கு முன் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் விரல் நுனியால் இழைமுனையைத் துழாவி எடுத்து ராட்டையில் ஏற்றுகிறார்கள். நல்ல கூடு ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இழை இருக்கும். அது ஓடி முடிந்ததும் தொட்டியில் தங்குவது பழுப்பு நிறக் கூட்டுப்புழு. நான் போனது அதைப் பார்க்கத்தான்.

ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு சுமார் 2 கிலோ காய்ந்த புழு கிடைக்கும் என்பது இந்தத் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பாதிக்கு மேல் புரதம்; கால் பங்கு அளவுக்கு எண்ணெய். காய்ந்த புழு ஒன்றைக் காகிதத்தில் வைத்து நசுக்கினால் போதும், மஞ்சள் கறை மறுபக்கம் வரை ஊறிவிடுகிறது.

கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுக் களம். ஈரப்புழுவைக் கூடை கூடையாகக் கொட்டி, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் துடைப்பக் கட்டையால் பரப்பிக்கொண்டிருந்தார். காக்கைகளை விரட்ட ஒரு நீளக் குச்சி பக்கத்திலேயே கிடந்தது. “வெயில் அடிச்சா கவலையில்ல சார். மழ புடிச்சுக்கிச்சுன்னா சிக்கு வாடை வந்துடும். அப்புறம் வியாபாரி மூட்டைய தொடவே யோசிப்பாரு” என்றார். கொதிநீரில் ஊறி ஊறி அவருடைய விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பாதி நாள் தொட்டியில், பாதி நாள் களத்தில் வேலை.

அவர் சொன்ன சிக்கு வாடைக்கு ஜப்பானில் ஒரு வரலாறு உண்டு. அங்கே கெண்டை வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகப் பட்டுப்புழுவைத் தீனியாகப் போட்டுவந்தார்கள். சில குளங்களில் மீன்கள் முதுகுத் தசை கரைந்து மெலிந்துபோயின. எண்ணெய் காற்றுப்பட்டுக் கெட்டுப்போன புழுதான் காரணம் என்பதையும், தீனியில் வைட்டமின் ஈ சேர்த்தால் நோயைத் தடுக்கலாம் என்பதையும் 1960களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். களத்தில் புழு எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்பது மீனின் உடம்பு வரை போய்ச் சேரும் விஷயம்.

இந்த எண்ணெயை இப்போது ஏன் பேச வேண்டும்? உலகில் கிடைக்கும் மீன் எண்ணெயில் பெரும்பகுதி மீன் வளர்ப்புக்கே போகிறது. அந்த எண்ணெய்க்குப் பெரிய ஆதாரம் பெரு நாட்டுக் கடலின் நெத்திலி வகை மீன். 2023இல் எல் நினோவால் கடல் சூடேறி, வலையில் குஞ்சு மீன்களே அதிகம் விழ, பெரு அரசு அந்த ஆண்டின் முதல் பிடிப்புப் பருவத்தை ரத்து செய்தது. மீன் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. மாற்று தேடியவர்களின் பார்வை பூச்சிகள் பக்கம் இன்னும் அழுத்தமாகத் திரும்பியது.

எந்தப் பூச்சி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐரோப்பிய ஆலைகளில் அதிகம் வளர்க்கப்படுவது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. அதன் கொழுப்பில் தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலமே மேலோங்கி இருக்கும். ஒமேகா-3 மிகக் குறைவு. மல்பெரி இலை தின்ற பட்டுப்புழுவின் எண்ணெயிலோ சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். ஆளி விதையில் இருக்கும் அதே ஒமேகா-3 இது. கட்லா, ரோகு போன்ற நன்னீர்க் கெண்டைகள் இதிலிருந்து தங்களுக்கு வேண்டிய நீண்ட சங்கிலிக் கொழுப்பை ஓரளவு தாமே உண்டாக்கிக்கொள்ளும். கடல் மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திறன் குறைவு. ஆகவே, கடலில் வளரும் கொடுவாய்க்கு இது மட்டும் போதாது. ஏரிக் கெண்டைக்குப் பொருந்தும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் 7 பூச்சி வகைகளின் புரதத் தூளை மீன் தீவனத்துக்கு அனுமதித்தது. 2021இல் பட்டுப்புழு எட்டாவதாகச் சேர்ந்தது. பட்டையும் மீனையும் சேர்த்து வளர்ப்பது புதிதும் அல்ல: சீனத்தின் ஹூஜோவில் மல்பெரிக் கரையும் மீன் குளமும் ஒன்றையொன்று ஊட்டும் பழைய முறையை ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு பாரம்பரிய வேளாண் முறையாக 2017இல் அங்கீகரித்தது.

நான் பார்த்த களத்திலோ, புழு மூட்டைக் கணக்கில் போகிறது. வியாபாரி கையை விட்டு அள்ளிப் பார்க்கிறார், முகர்கிறார், எடை போடுகிறார். எண்ணெய் எவ்வளவு, கெட்டிருக்கிறதா என்று சோதிக்க அங்கே எந்த ஏற்பாடும் இல்லை. நன்றாகக் காயவைத்த பெண்ணுக்கும் அரைகுறையாகக் காயவைத்தவருக்கும் ஒரே கூலி.

வெளிநாட்டு ஈயை இறக்கி வளர்க்கும் திட்டங்களுக்கு முன்னால், ஏற்கெனவே தொட்டியில் கிடக்கும் இந்தப் புழுவைக் கவனிக்கலாம். நூற்புக் கொட்டகைகள் நெருங்கியிருக்கும் ஊர்களில் ஒரு பொது உலர்த்தியும் எண்ணெய் பிழியும் இயந்திரமும் அமைக்க, பட்டு வளர்ச்சித் துறையும் மீன்வளத் துறையும் கைகோக்க வேண்டும். எண்ணெயின் தரத்துக்கு விலை வைத்து, அதில் ஒரு பங்கு களத்தில் துடைப்பம் பிடிக்கும் கைக்கும் போய்ச்சேர வேண்டும்.