ஞானப்பல்

நிறைவாக வளர்ந்த மனிதருக்கு 32 பற்கள் உண்டு. ஏறக்குறைய 13 வயதில் 28 பற்கள் முளைத்துவிடுகின்றன. எஞ்சிய நான்கும் 17 முதல் 25 வயதுக்குள் முளைப்பது வழக்கம். அறிவு முதிரும் பருவத்தில் வருவதால் அவை ஞானப்பற்கள் எனப்பட்டன. சிலருக்கு அவை முளைப்பதே இல்லை.

என் அக்காளுக்கு 19 வயதில் கீழ்த்தாடையில் ஞானப்பல் முளைத்தது. இடம் போதாமையால் அது முன்னுள்ள பல்லின்மேல் சாய்ந்து, பாதியளவே வெளிவந்தது. அதனை மூடியிருந்த ஈறுக்கடியில் உணவுத் துகள்கள் தங்கிச் சீழ் பிடித்தது. கன்னம் வீங்கியது; வாயைத் திறக்க இயலவில்லை. நான்கு நாளில் தணிந்த வலி, இரண்டு மாதங்களுக்குப்பின் மீண்டும் வந்தது.

அப்போது திருநெல்வேலியிலிருந்து கரமனைக்கு வந்திருந்த ஆச்சி, "பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும், கிராம்பு வைத்தால் போதும்" என்று தடுத்தார். எங்கள் திருவனந்தபுரத்தில் 1959 முதலே அரசு பல் மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. ஆயினும் அவ்வச்சம் பல இல்லங்களில் இன்னும் நீங்கவில்லை. அப்பா ஆச்சியையும் உடன் அழைத்துக்கொண்டு அக்காளைப் பல் மருத்துவரிடம் காட்டினார்.

மருத்துவர் அக்காளிடம், "வேதனையுண்டோ?" என்று வினவினார். மலையாளத்தில் வேதனை என்பது உடல்வலியையும் குறிக்கும். ஆச்சியோ, "வேதனை எனக்குத்தான் ஐயா! பிள்ளையின் கண்ணுக்கு என்ன ஆகுமோ?" என்றார்.

மருத்துவர் நகைக்கவில்லை. எக்ஸ் கதிர்ப் படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. ஆதலால் பல்லை எடுப்பதால் பார்வை குறையாது. ஆனால், கீழுதட்டிற்கு உணர்வு தரும் நரம்பு கீழ்த்தாடை எலும்பினுள் செல்கிறது. பல்லின் வேர் அதற்கு எவ்வளவு அருகில் உள்ளது என்று அறிந்த பின்னரே பல்லை அகற்ற வேண்டும். இளமையில் எலும்பு இறுகியிராது. புண்ணும் விரைவில் ஆறும்.

"மற்ற மூன்றையும் இப்போதே எடுத்துவிடலாமா?" என்று அப்பா கேட்டார். நேராக முளைத்து, துலக்குவதற்கு எட்டி, நோயின்றி இருக்கும் பல்லை எடுக்க வேண்டியதில்லை என்றார் மருத்துவர். இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறைக்கும் 2000ஆம் ஆண்டில் இத்தகைய நெறியே வகுக்கப்பட்டது. அடிக்கடி வரும் வீக்கம், சீழ், சொத்தை, அடுத்த பல்லுக்கு நேரும் கேடு ஆகியவையே பல்லை எடுக்க வேண்டிய காலத்தை உணர்த்தும் அடையாளங்கள்.

அக்காளின் ஒரு பல் அகற்றப்பட்டது. ஏனைய மூன்றும் இன்றும் நலமாக உள்ளன. ஊரில் பல்வலி என்று வருவோருக்கு ஆச்சி இப்போதும் கிராம்பு கொடுக்கிறார், "இது வலியைத்தான் தணிக்கும், பல்லை மருத்துவர் பார்க்கட்டும்" என்று சொல்லியே கொடுக்கிறார்.