துகளின் ஏற்றம்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியன் ஆதலின் இலக்கியம் பற்றியே எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும், சில திங்களாக என் சிந்தையைக் கவர்ந்து நிற்பது ஒரு விஞ்ஞானச் செய்தி. சொல்லாராய்ச்சியில் தொடங்கி, நெல் விளையும் வயல்வரை என்னை அழைத்துச் சென்ற அச்செய்தியையே பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் கூற விழைகின்றேன்.

இறக்காமத்தில் ஒரு வகுப்பிலே பலபொருள் ஒருசொற்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். 'ஏற்றம்' என்னும் சொல் உயர்வையும், சுமையேற்றுதலையும், நீரிறைக்கும் பொறியையும் குறிக்கும் என்றேன். மாணவன் ஒருவன் எழுந்து, "விஞ்ஞான பாடத்தில் மின்னேற்றம் என்றும் படிக்கிறோமே, சேர்" என்றான். அவன் தந்த நான்காம் பொருளைத் தொடர்ந்து சென்று யான் கற்றவை பல.

ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். 1 முதல் 100 நனோமீற்றர் வரையான நுண்பொடியை நனோத்துகள் என்பர். பற்றீரியா ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1000 நனோமீற்றர். 10 நனோமீற்றர்த் துகளொன்று அதனருகே இருப்பது, நெடிய தென்னையின் அடியில் ஒரு தேங்காய் கிடப்பது போலாகும்.

இத்துணைச் சிறிய துகள் எவ்வாறு ஓர் உயிரைக் கொல்லும்? பற்றீரியாவின் மேற்பரப்பிலே பொசுபேற்றுக் கூட்டங்கள் நிறைந்திருத்தலின், அது பெரும்பாலும் மறையேற்றம் உடையது. மறையேற்றத் துகள் நெருங்கினால் விலக்கப்படும். நேரேற்றத் துகள் நெருங்கினால் ஈர்க்கப்பட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துகள் மென்சவ்வைச் சிதைக்கும். வெள்ளித் துகளாயின், அருகிலிருந்தே அயன்களை வெளிவிட்டு நொதியங்களையும் முடக்கும். 2011இல் அமெரிக்க ஆய்வாளர் வெவ்வேறு பூச்சுடைய வெள்ளித் துகள்களைப் பசிலசு வகைப் பற்றீரியாவின்மீது சோதித்தனர். சித்திரேற்றுப் பூச்சால் மிகுந்த மறையேற்றம் பெற்ற துகளே நச்சுத்தன்மையிற் குறைந்தது. அமைன் கூட்டமுடைய பல்பகுதியத்தால் நேரேற்றம் பெற்றதே மிகக் கொடியது. உள்ளிருந்த வெள்ளி ஒன்றே. மேலே போர்த்திய போர்வையே வேறு.

இதன் பயன் பெரிது. நம் வேலியோரத்து முருங்கையின் விதையிலும் நேரேற்றமுடைய புரதம் உண்டு. சூடான் நாட்டுப் பெண்கள் நைல் நதியின் கலங்கல் நீரை அவ்விதைப் பொடியால் தெளிவிப்பது வழக்கம். மறையேற்றமுடைய களித்துகளை அப்புரதம் பற்றித் திரளச்செய்யும். மணலில் அப்புரதத்தைப் படியவைத்தால் அது பற்றீரியாவையும் பற்றிக் கொல்லும் என 2012இல் ஆய்வாளர் காட்டினர். 2009இல் இந்தியாவில் உமிச்சாம்பலிலே வெள்ளி நனோத்துகள் சேர்த்த நீர்வடிகட்டி விற்பனைக்கு வந்தது. உமி நம்மூரிலும் குவிந்து கிடப்பதன்றோ?

ஆனால், இங்கேதான் என் கவலையும் பிறக்கின்றது. ஏற்றத்துக்கு நண்பனும் பகைவனும் ஒன்றே. வயிற்றுநோய் தரும் பற்றீரியாவுக்கு மறையேற்றம் உள்ளதுபோலவே, மண்ணை வளப்படுத்தும் பற்றீரியாவுக்கும் உண்டு. மண்ணிலும் கழிவுநீரிலும் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியா, வெள்ளி நனோத்துகளால் எளிதிற் பாதிக்கப்படுதல் 2008இல் அறியப்பட்டது. நாற்றம் தடுக்கவென வெள்ளித் துகள் சேர்த்த காலுறைகளைக் கழுவிய நீரில் வெள்ளி வெளிவருதலும் அவ்வாண்டிலேயே காட்டப்பட்டது. குளமும் வயலும் சூழ்ந்த ஊரிலே கழுவிய நீர் எங்கே போகும்? வாய்க்காலுக்கும் வரம்புக்கும் அப்பால் அதற்கு வேறு போக்கிடம் ஏது?

எனினும் வீண் அச்சம் விளைவித்தலும் தகாது. ஆய்வுகூடக் குவளையிலுள்ள நீர் வேறு. குளத்து நீர் வேறு. உக்கிய இலைதழைகளின் சேதனப் பொருள் நேரேற்றத் துகளைப் போர்த்து, அதன் ஏற்றத்தையே மாற்றிவிடக்கூடும். நீரிற் கரைந்த உப்புக்கள் ஏற்றத்தின் விசையைத் தணிக்கும். ஒட்சிசன் குன்றிய சேற்றிலே சல்பைட்டு இருப்பின், வெள்ளி அதனோடு சேர்ந்து எளிதிற் கரையாத பொருளாகி வீரியம் குன்றும். ஆதலின், 'வெள்ளி கிருமியைக் கொல்லும்' என்னும் விளம்பரத்தைக் கண்டால் மாணவர் அதனோடு அமையலாகாது. எப்பூச்சுடைய வெள்ளி? எந்நீரில் இடப்படுவது? பயன்பட்டபின் எங்கே சென்று சேர்வது? இவ்வினாக்களைக் கேட்டல் வேண்டும்.

நம் நாட்டிலும் 2008இல் நனோ தொழினுட்ப நிறுவகம் தோன்றியது. அத்தகைய ஆய்வுகூடங்களுக்கு நம் மாணவர் செல்லும் காலத்தில், குடத்து நீரைத் தூய்மையாக்கும் துகளை ஆக்குவதோடு, வயலின் நுண்ணுயிரைக் காக்கும் வழியையும் தேடுவாராக. தீயதை அழிக்கும் ஆற்றல் ஏற்றத்துக்கு உண்டு. நல்லதைப் பிரித்தறியும் ஆற்றலோ மாந்தர்க்கே உரியது. அவ்வறிவை ஊட்டும் நம் கல்லூரி அன்னை நீடு வாழ்க!