போர்ட்டா கேபினும் பனைமரத்துக் கழனியும்

2024 ஐப்பசியில் அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கினேன். கட்டவில்லை, வாங்கினேன். லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய வீடு.

சென்னைக்காரர்களுக்கு இது என்னவென்று தெரிந்திருக்கும். அடுக்குமாடி கட்டுகிற இடத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு தகரப் பெட்டி நிற்குமே, உள்ளே சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டிருப்பாரே, அதேதான். போர்ட்டா கேபின். இருபதுக்கு எட்டு அடி, இரண்டு ஜன்னல், மூலையில் சின்னதாக ஒரு பாத்ரூம். கொரட்டூரில் வேலை முடிந்த ஒரு மனையின் பின்பக்கம் சும்மா கிடந்தது. வீட்டுக்காரி வளையல் அடகுக்குப் போனது, கேபின் என் பெயருக்கு வந்தது.

அம்மா கொரட்டூரில் தனியாக இருந்தார். அப்பா கட்டிய வீடு. கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போவோம். ரோட்டுக்கு மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். 2023-ல் மிக்ஜாம் புயலுக்கு முட்டிக்கு மேல். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் ரெட்டேரிக்கு என்று தண்ணீர் காலங்காலமாகப் போன வழி அது. நடுவில் போய் உட்கார்ந்துகொண்டவர்கள் நாங்கள். தண்ணீரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்களே என்று கேட்பீர்கள். கேட்டுப் பார்த்தோம். வந்து பார்த்தவர் சுவரைத் தட்டிவிட்டு, "செவுரு தாங்காதுண்ணே" என்று போய்விட்டார். ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்துவிடுங்கள் என்று பத்து வருஷமாகக் கூப்பிடுகிறேன். மிக்ஜாமுக்குப் பிறகுதான் அம்மா இறங்கி வந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை. "வரேன்டா. ஆனா உங்க வீட்ல இருக்க மாட்டேன். எனக்குன்னு ஒரு கதவு வேணும். உள்ள தாழ்ப்பா போட்டுக்கணும்."

செங்கல் வைத்துக் கட்டினால் அடுத்த மழைக்குள் முடியாது. அதனால்தான் கேபின்.

2024 அக்டோபர் 15-ம் தேதி மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், காரையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்களே. அது முடிந்து ஒரு வாரம் கழித்து, வெயில் அடித்த தைரியத்தில் ஹைட்ராவைக் கூப்பிட்டேன். முன்பக்கம் கொக்கி தொங்க, சுமையைத் தூக்கிக்கொண்டே நடக்கிற மஞ்சள் கிரேன். கேபின் இரண்டரை டன்தான், ஹைட்ராவுக்கு அது தூசு. தெருவிலிருந்து கேபின் ஐம்பது அடி. மனையில் செங்கல் உடைசல் கொட்டி நிரவியிருந்தது, காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. ஆபரேட்டர் தம்பி உள்ளே போனார், கேபினைத் தூக்கினார், பத்தடி வந்தார். முன்சக்கரம் இரண்டும் அப்படியே இறங்கின. வயலில் மாடு விழுந்த மாதிரி.

அப்போது புரியவில்லை, பிறகுதான் புரிந்தது. ஹைட்ரா தூக்கும்போது கேபின் எடையோடு வண்டியின் எடையிலும் பெரும்பகுதி முன்சக்கரத்துக்குத்தான் வரும். அந்த இரண்டு டயரும் மண்ணைத் தொடுகிற இடம் என்று பார்த்தால் ஒரு சாப்பாட்டு இலை அளவு. அத்தனை டன்னும் ஒரு இலை மேல்.

ஜேசிபி வந்து இழுத்து வெளியே எடுப்பதற்குள் பொழுது போய்விட்டது. ஹைட்ரா வாடகை, ஜேசிபி வாடகை, சும்மா நின்ற லாரிக்கு வெயிட்டிங். வளையல் காசில் பாதி அந்தச் சேற்றில் போனது. மனைக்காரரோ வார முடிவுக்குள் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்கிறார்.

சாயங்காலம் அம்மா மெதுவாக நடந்து வந்து அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். உடைசலுக்குக் கீழே ஒரு முழத்துக்குக் கறுப்புக் களி, அதில் நத்தை ஓடு. "இது நம்ம பனைமரத்துக் கழனிடா" என்றார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் கை மாறிப்போன நிலம். அம்மா அதில் நாற்று நட்டவர். "ஏரித் தண்ணி பாஞ்ச எடம். மேல என்னாத்த கொட்னாலும் உள்ள சேறுதான் இருக்கும். பரம்புப் பலகை இல்லாம இதுல எவன் எறங்குவான்?"

பரம்பு பார்த்திராதவர்களுக்கு: நடவுக்கு முன்னால் சேற்றைச் சமப்படுத்த, மாட்டுக்குப் பின்னால் ஒரு நீளப் பலகையைக் கட்டி இழுப்போம். ஆள் அதன்மேல் ஏறி நிற்பார். முழங்கால் வரை புதைகிற சேற்றில், பலகை மேல் நிற்கிறவர் மட்டும் வழுக்கிக்கொண்டு போவார். அதே ஆள், அதே சேறு. நின்ற இடம்தான் அகலமாகிவிட்டது. அறுவடைக்கு ஈரக் கழனியில் டயர் மிஷினை விடாமல், வாடகை கூட ஆனாலும் பெல்ட் மிஷினைக் கூப்பிடுவதும் இதற்குத்தான். நடவுக்கு டிராக்டரில் கேஜ்வீல் மாட்டுவதும் இதற்குத்தான். இத்தனையும் தெரிந்த நான் கொரட்டூரில் பேண்ட் போட்டுக்கொண்டு நின்றதும் விவசாயத்தை மறந்துவிட்டேன்.

வெளிநாட்டில் இதற்கென்றே கனமான பிளாஸ்டிக் பாய் இருக்கிறது. எட்டுக்கு நாலு அடி, நாற்பது கிலோ போல வரும், இரண்டு பேர் தூக்கிப் போட்டுவிடலாம். அமெரிக்காவில் வீட்டையே தொழிற்சாலையில் செய்து வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். 1976-லிருந்து அதற்குத் தனியாக மத்திய அரசு விதிகள்கூட உண்டு. புல்தரையும் சேறுமாக இருக்கிற மனைக்குள் அந்த வீட்டைக் கொண்டுபோக இந்தப் பாயை விரிப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானம் இறங்கவே ஓட்டை போட்ட இரும்புப் பலகைகளைத் தரையில் கோத்துப் பரப்பினார்கள். மார்ஸ்டன் மேட் என்று பெயர். பலகை பத்தடி நீளம், பதினைந்து அங்குல அகலம், முப்பது கிலோ.

நமக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு பழைய இரும்புக் கடையில் தகடு வாடகைக்குக் கொடுத்தார்கள். மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் பள்ளத்தின் மேல் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. நான் மலிவாக இருக்கிறதே என்று மெல்லிய தகட்டைத் தொட்டேன். கடைக்காரர் சிரித்தார். "ஹைட்ராவுக்கா? அப்பளமா மடங்கிடும்ணே. மடங்கிட்டா தகடு போட்டும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான்." பதினாறு எம்.எம். கனத்தில் பன்னிரண்டு எடுத்தேன். ஒன்று முன்னூற்று எழுபது கிலோ. ஊரில் தேவைப்படும் என்று ஆறு எம்.எம். செக்கர் தகடு பதினான்கும் சேர்த்து எடுத்தேன். அது நூற்று நாற்பது கிலோ, நாலு பேர் தூக்கலாம்.

இரண்டாம் தடவை பள்ளத்தில் உடைசலை நிரப்பி, மேலே தென்னை ஓலையைப் பரப்பினோம். ஓலை மெத்தைக்காக இல்லை. ஈரக் களி இரும்பைக் கவ்விக்கொள்ளும், வேலை முடிந்து தகட்டைப் பிடுங்க முடியாது. இடது சக்கரத்துக்கு ஆறு, வலது சக்கரத்துக்கு ஆறு என்று ஜேசிபி வரிசையாக வைத்தது. ஒன்றின் விளிம்பு அடுத்ததின் மேல் அரை அடி ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் சக்கரம் ஏறும்போது மறுமுனை நெம்பிக்கொண்டு எழும். வழுக்காமல் இருக்க மேலே மணல் தூவினோம்.

ஹைட்ரா தகட்டில் ஏறியதும் இரண்டு ஓரத்திலும் புளிச் புளிச்சென்று சேற்றுத் தண்ணீர் பிதுங்கியது. எனக்கு வயிறு கலங்கியது. தகடு இரண்டு விரல் இறங்கி நின்றுவிட்டது, அதற்கு மேல் போகவில்லை. கால் மணி நேரத்தில் கேபின் லாரியில். ஆபரேட்டர் தம்பி இறங்கி வந்து, "மொதல்லயே போட்டிருக்கலாம்ல" என்றார். என்ன சொல்ல?

ஊரில் வேறு விதமாகச் செய்தோம். வண்டிப் பாதையிலிருந்து அம்மாவுக்கு ஒதுக்கிய மேட்டுக்கு இருநூறு அடி, நடுவில் ஈரக் கழனி. இந்தத் தடவை கிரேனை உள்ளே விடவே இல்லை. சுமையைவிடச் சுமக்கிறவன் கனம் என்றால் சுமக்கிறவனை வெளியே நிறுத்துவதுதானே சரி. பாதையில் நின்றபடியே ஹைட்ரா கேபினை இறக்கியது. கீழே வைக்கோலும் செக்கர் தகடும், தகட்டுக்கு மேல் போர்வெல்லிலிருந்து உருவிய பழைய ஜி.ஐ. பைப்புகள் குறுக்கே. கேஜ்வீல் மாட்டிய டிராக்டர் முன்னால் இழுக்க, கேபின் பைப் மேல் உருண்டு வந்தது. பின்னால் காலியான தகட்டை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடி முன்னால் போடுவார்கள், பைப்பையும் அப்படியே. பசங்களுக்கு அது திருவிழா. எனக்குப் பைப்புக்கு நடுவில் யாராவது காலை விட்டுவிடக் கூடாதே என்று உயிர் போய் உயிர் வந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

மேட்டில் ஆறு இடத்தில் பள்ளம் எடுத்து, பழைய வேலிக் கல்லைப் படுக்கவைத்து, அதன்மேல் ஹாலோ பிளாக் தூண் எழுப்பி உட்கார வைத்தோம். வெறும் தூணாக விட்டால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு மூலை இறங்கும், கதவு சாத்தாது. தகரம் என்பதால் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரியாகப் போட்டேன். வெயிலுக்கு மேலே கீற்றுக் கொட்டகை. ஏசி போடலாமே என்று தங்கை கேட்டாள். அம்மா, "கீத்து போதும்" என்றுவிட்டார்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி நான் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். கதவு உள்ளே தாழ்ப்பாள். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலைத் தொங்கவிட்டுத் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். கொரட்டூர்ப் பழக்கம். மழைச் சத்தம் கேட்டால் முதலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று காலால் பார்ப்பார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, போய்ப் படு."

செக்கர் தகட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணினால் பதின்மூன்றுதான் இருந்தது. கழனி முழுக்கக் கம்பி வைத்துக் குத்திப் பார்த்தோம், கிடைக்கவில்லை. நூற்று நாற்பது கிலோவுக்குப் பழைய இரும்பு விலை போட்டுக் கட்டிவிட்டு வந்தேன். சித்திரையில் கோடை உழவு ஓட்டும்போது கலப்பையில் டங்கென்று இடித்தது. இப்போது அதைத்தான் வாய்க்காலின் குறுக்கே போட்டிருக்கிறேன். காலையில் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க அம்மா அதன்மேல் நடந்துதான் வருகிறார்.