பந்து பிடித்தவருக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை?

விளையாட்டு வீரர் தேர்தலில் நின்றாலே 'புகழை ஓட்டாக்கப் பார்க்கிறார்' என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆலன் பேஜ் விஷயத்தில் அது எடுபடாது. அமெரிக்கன் ஃபுட்பாலில் தற்காப்பு வரிசையில் நின்று, எதிரணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது அவர் வேலை. 1971இல் அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றார். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. ஆடிக்கொண்டே சட்டம் படித்து 1978இல் பட்டம் வாங்கினார். ஆட்டத்தை விட்டது 1981இல். பிறகு அமெரிக்காவின் மினசோட்டா மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் உழைத்தார். புகழ் மட்டும் போதுமென்றால் இத்தனை ஆண்டு எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அவர் தேர்தலில் நின்றது அந்த மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு. நீதிபதி பதவி அரசியலா என்று கேட்கலாம். மினசோட்டாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் மக்கள் ஓட்டுக்கு நின்றாக வேண்டும். 1992இல் பதவியிலிருந்த நீதிபதி ஒருவரின் காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் தேர்தலே இல்லை என்றானது. பேஜ் வழக்குப் போட்டு ஜெயித்து, தேர்தலைத் திரும்பக் கொண்டுவந்து, அதிலும் வென்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர்தான். தெரிந்த பெயர் என்பதால் ஓட்டு விழுந்திருக்காதா? விழுந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தேர்தலே நடக்க வேண்டும் என்று சட்டப்படி வாதாடி வெல்வதற்குப் பெயர் உதவாது. முதல் வெற்றிக்குப் புகழ் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். 1998, 2004, 2010 என மூன்று முறை மக்கள் அவரைத் திரும்பத் தேர்ந்தெடுத்தது அவர் எழுதிய தீர்ப்புகளைப் பார்த்த பிறகு. 70 வயதில் கட்டாய ஓய்வு வந்த 2015 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.